கல்வெட்டுக் கூறும் வரலாறு

யாழ்ப்பாணத்திலே கல்வெட்டு என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வரலாறு பயில்வோருக்கு அது கோயிற் சுவரிலும் கற்றூணிலும் உளிகொண்டு பொறித்த சாசனம். நம் ஊர்ப் பெரியோருக்கோ, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளன்று அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் கையிலே கொடுக்கப்படும் சிறு புத்தகமும் கல்வெட்டே. முன்னதை வாசிப்பதற்குப் பல்கலைக்கழகத்திலே ஆசிரியரும் உண்டு, பாடமும் உண்டு. பின்னதை வாசிப்பதற்கு எவரும் பயிற்றுவதில்லை. படத்தைப் பார்த்து, “நல்ல மனிசன்” என்று ஒரு சொற் சொல்லி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுகிறோம். அதன் பின்னர் அது கறையானுக்கு உடைமையாகின்றது.

சென்ற மலர் வெளிவந்த பின் நம் சங்கத்தோடு நெருங்கிப் பழகிய முதியோர் சிலர் சிவபதம் அடைந்துவிட்டனர். அவர்களை நினைவுகூரும் இவ்வேளையில், இத்தகையோரின் வாழ்க்கையை நம் சமூகம் எவ்வாறு எழுதி வைத்தது, எதனை எழுதாமல் விட்டது, இனி நாம் எவ்வாறு எழுத வேண்டும் என்பவற்றைச் சற்றே ஆராய விரும்புகிறேன். முதியோர் மறைவுக்காகத் துக்கப்படுதல் எல்லார்க்கும் இயல்பு. அவர்கள் அறிந்திருந்தவை அவர்களோடு மறைந்துபோகாமற் காத்தல் இளைஞர்க்குரிய கடமை. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

கல்லிலிருந்து தாளுக்கு

இறந்தோரைச் சொல்லால் நிலைநிறுத்தும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்துரைக்கின்றது. தலைவன் இறந்தபோது அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்னும் துறையாக இலக்கண நூலார் அமைத்தனர். அதியமான் நெடுமானஞ்சி மறைந்தபோது ஔவையாரும், பாரி மறைந்தபோது கபிலரும் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றிலே இன்றும் உள்ளன.

ஆயின் ஒன்றை நோக்க வேண்டும். கல் வீரனுக்கு நாட்டப்பட்டது. பாட்டு வேந்தனுக்கும் வள்ளலுக்கும் பாடப்பட்டது. உழுதவனுக்கும் வலை வீசினவனுக்கும் கல்லுமில்லை, புலவர் பாட்டுமில்லை. அவர்களுக்கு இருந்தது ஒப்பாரி ஒன்றே. ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவர் தேடிய தேட்டத்தையும், பட்ட பாட்டையும், பிள்ளைகளை வளர்த்த வகையையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அழுவார்கள். அஃது உண்மையிலே வாய்மொழியாக அமைந்த வாழ்க்கை வரலாறு. ஆனால், பாடை படலையைத் தாண்டியதும் அந்த வரலாறும் காற்றோடு போய்விடும். அரசரும் வள்ளலும் அல்லாத மனிதரின் வாழ்க்கை எழுத்திலே பரவலாக நிலைபெறத் தொடங்கியது நம் நாட்டிலே அச்சுக்கூடங்கள் வந்த பின்னரேயாம்.

அச்சுக்கூடம் செய்த மாற்றம்

மானிப்பாயிலே 1834ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இயங்கியது. 1841ஆம் ஆண்டு சனவரியில் “உதயதாரகை” பத்திரிகை தோன்றியது. ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும் அச்சேறவே, மனிதர் இறந்த செய்தியும் அச்சேறும் காலம் வந்தது. மிஷன் பாடசாலையிலே கற்ற எனக்கு, அங்குள்ள சிற்றாலயத்துச் சுவரிலே பதிக்கப்பட்டிருந்த முன்னாள் அதிபர்களின் நினைவுக் கற்கள் நன்கு பழக்கமானவை. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, ஆற்றிய தொண்டு என்பன நான்கே வரியில் அடங்கியிருக்கும். அவ்வளவு சுருக்கமாகவேனும் ஒரு மனிதரின் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கோடு எழுதி வைக்கலாம் என்பதை அக்கற்கள் எனக்குக் கற்பித்தன.

பெரியோர் வாழ்க்கையைத் தொகுத்து நூலாக்கும் முயற்சியும் அந்நூற்றாண்டிலேயே எழுந்தது. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் ஏறக்குறைய இருநூற்றுவரின் வரலாற்றை “தமிழ் புளூட்டாக்” என்னும் பெயரால் ஆங்கிலத்தில் எழுதி 1859இல் வெளியிட்டார். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட “பாவலர் சரித்திர தீபகம்” நானூற்றுக்கு மேற்பட்ட புலவர்களைப் பற்றிக் கூறுகின்றது. இவ்விருவரும் கிறித்தவர்; அவர்கள் எழுதியவற்றிலே பெரும்பகுதி சைவப் புலவர்களின் சரித்திரம்.

சைவர் பக்கத்திலும் இம்முயற்சி குறைவின்றி நடந்தது. வண்ணார்பண்ணையிலே பாடசாலையும் அச்சியந்திரசாலையும் நிறுவிச் சைவத்தையும் தமிழையும் வளர்த்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், தாமே மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கே ஆசிரியராயும் இருந்து, பேர்சிவல் பாதிரியாருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர் என்பது யாவரும் அறிந்தது. அவர் 1879ஆம் ஆண்டு மறைந்தார். மூன்றே ஆண்டு கழிந்ததும், 1882இல், கனகரத்தின உபாத்தியாயர் எழுதிய நாவலர் சரித்திரம் வெளிவந்துவிட்டது. அவரை நேரிற் கண்டவர்களும் அவரிடம் பாடங் கேட்டவர்களும் உயிரோடிருந்த காலத்திலேயே நூல் எழுதப்பட்டமையாற்றான், பின்வந்தோர் நாவலரைப் பற்றி உறுதியோடு பேச முடிகின்றது. மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் “அபிதான கோசம்” தந்தார். வித்துவசிரோமணி கணேசையர் 1939இல் “ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரிதம்” தந்தார். சமயத்திலே மாறுபட்டு வாதிட்ட இரு சாராரும், கற்றோர் வாழ்க்கை மறக்கப்படலாகாது என்பதிலே ஒருமனப்பட்டு உழைத்தனர்.

கற்றோருக்குச் சரித்திரம் வந்தபின், ஊரிலே மதிப்போடு வாழ்ந்த ஏனையோருக்கும் அது வேண்டும் என்னும் எண்ணம் உண்டாதல் இயல்பே. கமக்காரர், வணிகர், உபாத்தியாயர், விதானையார் ஆகியோருக்கும் அவர்தம் மனைவியருக்கும் கல்வெட்டுக்கள் அச்சாயின.

புத்தகத்தின் உள்ளே

கல்வெட்டின் அமைப்பு நம்மவர்க்குப் பழகியதே. முகப்பிலே படம். அடுத்துத் தேவார திருவாசகங்கள். பின்னர் திதி வெண்பா. அதன்பின் இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, தொழில், திருமணம், மக்கள், செய்த தருமம் என்பவற்றைக் கூறும் வாழ்க்கை வரலாறு. தொடர்ந்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், பெறாமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என ஒவ்வோர் உறவும் தனித்தனியே அழும். சிலவற்றில் வம்சாவளியும் இருக்கும். ஈற்றிலே நன்றி நவிலல்.

புலம்பலைப் புலம்புவோர் எழுதுவதில்லை. ஊர்ப் பண்டிதரோ தமிழாசிரியரோ அவ்வவர் நிலையில் நின்று பாடிக் கொடுப்பார். அந்தியேட்டி வீட்டிலே உறவினர் கூடியிருக்க ஒருவர் அதனை இசையோடு வாசிப்பார். கேட்டிருப்போர் கண் கலங்குவர். முறையான ஒப்பாரியின் இடத்தை எழுதிய பாட்டு எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

வரலாற்று மாணவர் முதலிற் கவனிக்க வேண்டியது திதி வெண்பாவையே. நான்கடியிலே ஆண்டு, மாதம், பக்கம், திதி யாவும் அடங்கிவிடும். பிள்ளைகள் திவசத்தை மறவாதிருக்கும் பொருட்டு எழுந்த அவ்வெண்பா காலக்கணிப்புக்கும் பெருந்துணை. நாவலர் பெருமான் மறைந்தது பிரமாதி ஆண்டு கார்த்திகை மகத்திலே எனச் சைவர் சொல்லுவர். அது 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி. ஆயின் பிரமாதி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1879இலும் பிரமாதி, 1939இலும் பிரமாதி, 1999இலும் பிரமாதி. ஆகவே, முகப்புக் கிழிந்துபோன ஒரு கல்வெட்டிலே ஆண்டுப் பெயர் மாத்திரம் எஞ்சியிருந்தால், உள்ளே சொல்லப்படும் தொழில், பாடசாலை, பயணம் என்பவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று துணிதல் வேண்டும். சாசனம் வாசிப்போர் செய்யும் வேலையும் இதுவேயன்றோ?

ஒரு வரியிலே ஒரு நூற்றாண்டு

இக்கல்வெட்டுக்கள் சிலவற்றைக் கால ஒழுங்கில் அடுக்கி வாசித்தால், எந்தப் பாடநூலிலும் காணாத செய்தி கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம்மவர் பலர் மலாயாவுக்குச் சென்று இரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். யாரார் சென்றனர், எந்த ஊரிலிருந்து சென்றனர், யார் யாரை அழைத்துக் கொண்டனர், திரும்பி வந்து பென்சன் பணத்தில் எந்தக் கோயிலுக்கு எத்திருப்பணி செய்தனர் என்பவை கல்வெட்டிலே காணப்படும். 1905இல் இரயிற்பாதை காங்கேசன்துறை வரையும் பூர்த்தியான பின் கொழும்பிலே எழுதுவினைஞர் ஆனோரும், தென்னிலங்கையிலே சுருட்டுக்கடை நடத்தினோரும் அவ்வாறே. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர், கமக்காரர் பிள்ளைகள் வைத்தியராயும் எந்திரியாயும் வளர்ந்த கதை அவர்கள் பெற்றோருடைய கல்வெட்டுக்களிலே காணக்கிடைக்கும்.

மரண அறிவித்தலிலே வரும் ஒரு வரியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். “இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட” என்பது நாம் நாள்தோறும் காணும் வாசகம். முன்னாளிலே பிறப்பிடமும் வதிவிடமும் பெரும்பாலும் ஒரே ஊர். அல்லது திருமணத்தால் இணைந்த இரண்டு அயலூர்கள். பின்னர் கொழும்பு அதிலே சேர்ந்தது. 1983ஆம் ஆண்டு கலவரத்தின் பின் கடல் கடந்த நகரங்கள் வந்து சேர்ந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்த பின் தென்மராட்சியும் வன்னியும் சேர்ந்தன. இன்று ஒரு முதியவளின் அறிவித்தலிலே நான்கு ஊரும் இரண்டு நாடும் இருத்தல் சாதாரணம். ஒரு வாக்கியம் நீண்டுகொண்டே போனமை ஓர் இனம் இடம்பெயர்ந்த வரலாறாகும்.

சொல்லாமல் விட்டவை

கல்வெட்டைப் புகழ்ந்து கூறிய நான் அதன் குறைகளையும் கூறுதல் வேண்டும். முதலாவது, அது குற்றம் பாராதது. அதிலே இறந்தவர் எல்லாரும் கொடையாளர். எல்லாரும் சாந்த குணமுள்ளவர். எல்லாரும் அடியார்க்கு அமுது படைத்தவர். துக்க வீட்டிலே வேறு எவ்வாறு பாட முடியும்? ஆதலால் வாசிப்போர் அடைமொழியை ஒருபுறம் வைத்துப் பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். “வள்ளல்” என்பதை நம்பலாம், நம்பாமல் விடலாம். “கோயிற் கேணிக்குப் படி கட்டுவித்தார்” என்றால், கேணிக்குப் போய்ப் படியைப் பார்த்து வரலாம்.

இரண்டாவது, பெண்களைப் பற்றி அது பேசும் முறை. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதோடு பெரும்பாலான அன்னையரின் வரலாறு முடிந்துவிடும். அவர் என்ன கற்றார், எதை விரும்பினார், தோட்டத்திலும் அடுப்படியிலும் எத்தனை மணிநேரம் உழைத்தார், எந்தப் பிள்ளையை இழந்தார் என்பவை இரா. 2008ஆம் ஆண்டு மறைந்த தெல்லிப்பழைச் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்களைப் போல, ஆசிரியராயும் சொற்பொழிவாளராயும் துர்க்கையம்மன் தேவஸ்தானத்தை வழிநடத்தியவராயும் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தவராயும் விளங்கிய ஒருவரின் வாழ்க்கை பலராலும் எழுதப்பட்டது. அவர் பிறந்த 1925ஆம் ஆண்டிலே பிறந்து, மேடையேறாமல் வீட்டுக்குள்ளேயே உழைத்து மறைந்த மற்றப் பெண்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எழுதியவர் யார்?

மூன்றாவது குறையே பெரியது. கல்வெட்டு அச்சிடப் பணம் வேண்டும். பாடிக் கொடுக்கப் பண்டிதர் வேண்டும். இரண்டும் இல்லாதவர்க்குக் கல்வெட்டு இல்லை. எங்கள் அயலிலே ஒரு மூதாட்டி இருந்தார். வைத்தியசாலைப் பிரசவம் வழமையாவதற்கு முன் அக்குறிச்சியிலே பிறந்தோரிற் பாதிப்பேர் அவர் கையிலே பிறந்தனர் என்பர். எல்லாரும் அவரை ஆச்சி என்றே அழைத்தார்கள். அவர் இறந்து, மதிலிலே ஒட்டிய அறிவித்தலைப் பார்த்துத்தான் பலர் அவருடைய பெயரை அறிந்தார்கள். பிறந்த ஆண்டு எவருக்கும் தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் சோறு கொடுத்தார்கள், புத்தகம் கொடுக்கவில்லை. ஓர் ஊரின் பிறப்புக் கணக்கையே நெஞ்சில் வைத்திருந்த ஒருவருக்கு இரண்டு வரி வரலாறுகூட இல்லாமற் போயிற்று.

சாதியினாலே தாழ்த்தப்பட்டோர் நிலையும் இதுவே. அவர்கள் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் செல்ல முடியாதிருந்த காலம் நம் பெரியோர் கண்ட காலம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலே வந்தும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அவர்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அன்று வாசலின் இருபுறமும் நின்றவர்களிற் பலர் இன்று இல்லை. எஞ்சியவர் மிகச் சிலர். சைவ இளைஞராகிய நாம் இதைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதாவிடின், நம் கோயில்களின் வரலாற்றிலே தேர் செய்த ஆண்டும் கும்பாபிஷேகம் நடந்த ஆண்டும் மாத்திரம் எஞ்சும்.

தம் வரலாற்றைப் பிறர் எழுதார் என அறிந்து, தாமே எழுதியவர் ஒருவரை இங்கே நினைத்தல் தகும். சிகை அலங்கரிக்கும் தொழில் செய்த குடும்பத்திலே 1927ஆம் ஆண்டு பிறந்து, தாமும் அத்தொழிலைச் செய்துகொண்டே எழுத்தாளராகி, 1966ஆம் ஆண்டு “மல்லிகை” என்னும் சஞ்சிகையைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்திய டொமினிக் ஜீவா, 2021ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். “எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்” என்பது அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலின் பெயர். அவர் செய்த இன்னொரு நற்செயலும் உண்டு. மல்லிகையின் அட்டையிலே எழுத்தாளரின், கலைஞரின் படத்தைப் போட்டு, உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிடுவார். அட்டையில் வந்தோர் பலர் தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே வாசிக்கும் பேறு பெற்றனர். இறந்தபின் எழுதும் வழக்கமுடைய நமக்கு இது நல்ல பாடம்.

மலையகத்திலும் இவ்வாறு உழைத்தவர் உளர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் உரிமை இழந்த தோட்டத் தொழிலாளரின் பாட்டுக்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். ஊவாவிலே தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப், மறக்கப்பட்ட படைப்பாளிகளையும் தேடி “மலையகச் சிறுகதை வரலாறு” எழுதினார். அவரும் 2022ஆம் ஆண்டு மறைந்தார். தேயிலைக்குக் கீழே புதைந்தவர்களுக்குக் கல்வெட்டு இல்லாக் குறையை இத்தகையோர் ஓரளவு தீர்த்தனர்.

அழிந்தவையும் எஞ்சியவையும்

எழுதியவையேனும் நிலைத்தனவா? 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணம் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியினாலே மொழியியலறிஞர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். பன்மொழி கற்ற அம்முதியவரின் மறைவு ஒரு நூலகத்தின் மறைவோடு ஒரே இரவில் நிகழ்ந்தது. முதியோரும் நூல்களும் வேறல்லர் என்பதற்கு இதனினும் துன்பமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

பின்வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளிலிருந்த கல்வெட்டுக்களும் உறுதிகளும் சாதகக் குறிப்புக்களும் படங்களும் அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரத்து வீடுகளிலே எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. 2009ஆம் ஆண்டு வன்னியிலே போர் முடிந்தபோது மாண்ட முதியோர் பலருக்குக் கிரியையும் இல்லை, நாளும் தெரியாது. திதி அறியாத பிள்ளைகள் தந்தைக்கு ஆடி அமாவாசையிலும் தாய்க்குச் சித்திராப் பௌர்ணமியிலும் விரதமிருந்து ஆறுதல் அடைகின்றனர். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் பரவியபோது, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்காமலும் சுண்ணம் இடிக்காமலும் எத்தனையோ பெரியோர் விரைவாக அனுப்பப்பட்டனர். கூடி அழாத மரணத்துக்குக் கதை சொல்வோரும் இல்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2005ஆம் ஆண்டு தன்னார்வலர் சிலர் தொடங்கிய “நூலகம்” என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. அவற்றிடையே நினைவு மலர்களும் கல்வெட்டுக்களும் தனிப் பகுதியாக உள்ளன. இருபது பக்கக் கல்வெட்டையும் பெரிய நூலுக்கு நிகராக மதித்துப் பேணியமை அவர்களுடைய நுண்ணறிவைக் காட்டுகின்றது. கனடாவிலே பிறந்த ஒரு பேத்தி, தான் கண்டிராத பூட்டனாரின் பெயரை அங்கே கண்டெடுக்கலாம்.

நாம் செய்யத் தக்கன

இளைஞர் சங்கமாகிய நம்மால் ஆகக்கூடிய காரியங்கள் சில உண்டு. முதலாவதாக, ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் வீட்டிலுள்ள கல்வெட்டுக்களைத் தேடியெடுக்க வேண்டும். படமெடுத்துப் பிரதியொன்றைச் சங்க வாசிகசாலையிலும் மற்றொன்றை இணைய நூலகத்திலும் சேர்ப்பிக்கலாம். படத்திலே நிற்போரின் பெயரைப் பின்புறத்தில் இன்றே எழுதிவிட வேண்டும். பெயரறியாத படம் ஊமைக்கு ஒப்பானது.

இரண்டாவதாக, உயிரோடிருக்கும் முதியோரிடம் சென்று கேட்டு எழுத வேண்டும். இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருப்போர் 1930களிலும் 1940களிலும் பிறந்தவர்கள். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டமும் 1958ஆம் ஆண்டுக் கலவரமும் அவர்களுக்கு இளமைக்கால அநுபவம். 1960, 1961ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது மாணவராயோ இளம் ஆசிரியராயோ இருந்தவர்கள். 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயலை வடக்கிலும், 1978ஆம் ஆண்டு நவெம்பர்ப் புயலை மட்டக்களப்பிலும் கண்டவர்கள். இன்னும் பத்தாண்டு கழிந்தால் இவற்றைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர் மிஞ்சுவர்?

கேட்கும்போது, “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கோ” என்று தொடங்கினால் அவர்கள், “என்னட்டை என்ன பிள்ளை கிடக்கு சொல்ல” என்பார்கள். சிறியவற்றைக் கேளுங்கள். துலா மிதித்து நீர் இறைத்த காலத்திலே ஒரு தோட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? கிணற்றுக்கு இயந்திரம் வந்தது எப்போது? சுருட்டுக் கொட்டிலிலே வேலைசெய்வோருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியவர் யார்? 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை ஏறியபோது அப்பணத்திலே எந்த வீட்டுக்கு ஓடு போட்டார்கள்? பாணுக்கு எங்கே வரிசையில் நின்றார்கள்? அக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தொடங்கிய மனிதர் அரை மணியிலே தம் முழு வாழ்வையும் சொல்லிவிடுவார். அவர் சொல்லும் நடையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டை அவர் மறந்தால் புயலையோ கலவரத்தையோ திருவிழாவையோ சார்த்திக் கேட்டால் நினைவு வரும்.

மூன்றாவதாக, கல்வெட்டு அச்சிட வசதியில்லாத வீட்டுக்குச் சங்கமே அதனை எழுதிக் கொடுக்கலாம். இருபது பக்கம் வேண்டியதில்லை; இரண்டு பக்கம் போதும். அம்மூதாட்டியைப் போன்ற ஒருவரின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், அவரால் ஊர் பெற்ற நன்மை ஆகியவற்றை அறிந்தவர் வாயாற் கேட்டு எழுதி, இம்மலரிலேயே ஆண்டுதோறும் ஒரு பகுதியாக வெளியிடலாம். எழுதும்போது சாதியும் செல்வமும் நோக்குதல் ஆகாது. சுடலைக்குப் போனபின் எல்லாரும் சாம்பரே என்று பாடுகின்ற நாம், புத்தகத்திலே மாத்திரம் உயர்வு தாழ்வு பார்ப்பது முறையன்று.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் அறிந்தவற்றை அற்பமென எண்ணி மறைத்து வைக்காதீர்கள். நீங்கள் வெட்கப்பட்டவற்றையும், பிழையென்று இன்று உணர்பவற்றையும்கூட எங்களுக்குச் சொல்லுங்கள். புகழ் மாத்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்றையும் கற்றுக்கொள்ளாது.

இளைஞர்களே, இவ்வாண்டு நாம் இழந்த பெரியோரின் பெயர்கள் இம்மலரின் அஞ்சலிப் பக்கத்தில் உள்ளன. அப்பெயர்களுக்குக் கீழே எழுதவேண்டியவை இன்னும் அவர்களோடு வாழ்ந்தோர் நினைவில் இருக்கின்றன. அடுத்த மலருக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடமேனும் கொப்பியும் பேனையுமாகச் செல்வோமாக. காலந் தாழ்த்தாது செல்வோமாக.